ஆறு பந்தம், ஒரு கயிறு, மூன்று உயிர்ப்புள்ளி

முதல் நாள் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னாடா, காசு வச்சா ஆடுறீங்க?"

சந்தேகம் நியாயமானதுதான். லயத்துக் காம்பராவில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்) நாலு பேர் வட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஒரு குப்பி லாம்பு, ஒரு பழைய பால்மா டின், லூடோப் பெட்டியிலிருந்து எடுத்த மூன்று பகடை, கொப்பியில் கிழித்த தாள்கள். பலகை இல்லை, காய் இல்லை. காசு இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணினேன். "அப்ப யாரு ஜெயிக்கிறது?" யாரும் ஜெயிப்பதில்லை. "எப்ப முடியும்?" முடியாது, அடுத்த ஞாயிறும் தொடரும். "அப்பறம் எதுக்குடா ஆடுறீங்க?" என்று கேட்டுவிட்டு அத்தை ரொட்டி சுடப் போய்விட்டார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். டன்ஜன் என்றால் நிலவறை. டிராகன் என்பது சிறகு முளைத்து நெருப்புக் கக்கும் பெரிய பாம்பு மாதிரி ஒன்று. (இத்தனை நாள் ஆடியும் எங்களில் யாரும் ஒரு டிராகனைக்கூடக் கண்டதில்லை. கண்டிருந்தால் உயிரோடு திரும்பியிருக்க மாட்டோம்.) உலகத்தில் பெரும்பாலானவர்கள் ஆடுவது இதன் புதிய பதிப்புகளை. நாங்கள் ஆடுவது 1981இல் வந்த பழைய பதிப்பு. புதியது இருக்கும்போது நாற்பது வருசத்துக்கு முந்தியதை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சொல்வதற்கு முன்னால், இந்த வகை விளையாட்டு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும்.

வசனம் எழுதித் தராத கூத்து

இலங்கை மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது: காமன் கூத்து. மாசி மாதம் வந்தால் நேற்றுவரை கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆள் மன்மதனாகிவிடுகிறார். இன்னொருவர் ரதி. தூதன் வருகிறான், எமன் வருகிறான். கடைசியில் சிவனுடைய நெற்றிக்கண் திறந்து காமன் எரிகிறான். சுற்றி நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். போன வருசமும் எரிந்தான், வருகிற வருசமும் எரிவான்.

அந்த மன்மதனுக்கு யாரும் வசனம் சொல்லித் தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தவத்தில் இருக்கிற சிவன்மேல் அம்பு விடுவதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம். "நான் விடமாட்டேன். ரதியைக் கூட்டிக்கொண்டு இந்த மலையை விட்டே போகிறேன்" என்று அவர் சொன்னால், கூத்து மாஸ்டர் தடுக்கக்கூடாது. "சரி, போ. வழியில் ஆறு பெருகி ஓடுகிறது, பாலம் இல்லை. என்ன செய்யப் போகிறாய்?" என்றுதான் கேட்க வேண்டும். தாண்டுவாரா மாட்டாரா என்பது இரண்டும்கெட்டானாக இருந்தால் பகடை உருட்ட வேண்டும். காமன் எரிவானா என்பது மாஸ்டருக்கே தெரியாது.

வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்பது இவ்வளவுதான். மேடை கிடையாது, ஒப்பனை கிடையாது, உட்கார்ந்த இடத்தில் எல்லாம் பேச்சு. ஒருவர் உலகத்தை வைத்திருப்பார்: என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, எதிரில் யார் நிற்கிறார் என்று சொல்வது அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். உலகத்தை வைத்திருப்பவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். பக்கத்துக் காம்பராத் தம்பி என்னை முதலில் "கங்காணி" என்று கூப்பிட்டான். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவரைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எங்கள் பக்கம் ஒரு நூற்றாண்டுக் கடனும் பிரம்பும் இருக்கிறது, வேண்டாம் என்றேன். இப்போது வெறும் மாஸ்டர். கூத்துப் பழக்குகிறவரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பொருத்தமாகப் போயிற்று.

1981க்கு முன்னும் பின்னும்

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் இதை வெளியிட்டார்கள். பொம்மைப் படைகளை வைத்து யுத்தம் ஆடுகிற பழக்கத்திலிருந்து பிறந்த விளையாட்டு இது. படைக்குப் பதிலாக ஒரே ஒரு ஆளை நடத்தினால் என்ன என்ற யோசனைதான் விதை. அந்த முதல் பதிப்பு சின்னச் சின்ன மூன்று புத்தகம். ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது புரியும், அவ்வளவு குழப்பம். 1977இல் எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் புதியவர்களுக்காக அதை ஒழுங்குபடுத்தினார். 1981இல் டொம் மொல்ட்வே அதைத் திரும்ப முழுக்க எழுதினார். அதுதான் பேசிக் செட். அதே வருசம் டேவிட் குக்கும் ஸ்டீவ் மார்ஷும் தொடர்ச்சியாக எக்ஸ்பெர்ட் செட்டைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் 64 பக்கம். இரண்டையும் சேர்த்து ரசிகர்கள் பி-எக்ஸ் என்பார்கள். இரண்டு வருசத்தில், 1983இல், பிராங்க் மென்ட்சர் எழுதிய அடுத்த பதிப்பு வந்து இதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

பெட்டியில் வந்த பகடைகளோடு ஒரு மெழுகுக் கலர்த் துண்டும் இருந்தது. எண்களுக்கு நிறம் பூசாமலே விற்றதால், வாங்கியவர் குழிக்குள் தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், எழுபதுகளின் கடைசியில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பகடைக்குப் பதில் எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளை வைத்தே விற்றிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் உள்ள பகடைகளுக்கு ஹட்டன் கடைகளில் அலைந்து வெறுங்கையோடு வந்து, கடைசியில் நாங்கள் பால்மா டின்னுக்குள் எண் எழுதிய துண்டுகளைப் போட்டுக் குலுக்கியதும் அதேதான்.

ஆள் செய்வது

மூன்று பகடையை உருட்டிக் கூட்டுங்கள். 3க்கும் 18க்கும் இடையில் ஒரு எண் வரும். அது வலிமை. திரும்ப உருட்டினால் அறிவு. அப்புறம் விவேகம், லாவகம், உடல்வாகு, வசீகரம். ஆறு தடவை, இதே வரிசையில். பிடித்த எண்ணைப் பிடித்த இடத்தில் தூக்கி வைக்க இங்கே வழியில்லை. கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். மனதில் ஒரு வீரனை வைத்துக்கொண்டு வருகிறவருக்குக் கையில் ஒரு நோஞ்சான் கிடைப்பான்.

என் சித்தி மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. வலிமை 6. வாள் வீசத்தான் வந்தான், வாளைத் தூக்கவே மூச்சு வாங்கும். லாவகம் மட்டும் 13. "அப்ப களவாணிதான்" என்றாள் மாமா மகள். இந்தப் பதிப்பில் எடுக்கக்கூடிய வேடங்கள் ஏழே ஏழு: போர்வீரர், பூசாரி, மந்திரவாதி, களவாணி, இவர்களோடு எல்ஃப், குள்ளர், ஹாஃப்லிங் என்று மனிதரல்லாத மூன்று இனம். களவாணியின் உயிர்ப்புள்ளிக்கு நாலு முகப் பகடை. 3 வந்தது. உயிர்ப்புள்ளி என்பது எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு. சாதாரணக் கத்தி வீச்சு ஒன்றே 1 முதல் 6 வரை எடுத்துவிடும். ஆக, அவனுடைய ஆள் ஒரு அடிக்குத் தாங்கினாலே பெரிய காரியம். ஆனாலும் அவன் விடவில்லை. தேயிலை ஃபெக்டரி இயந்திரத்தைக் காக்கிற சாமியின் பெயரைத் தூக்கி வைத்தான்: ரோதமுனி.

அடுத்தது கடை. மறுபடி மூன்று பகடை, பத்தால் பெருக்கினால் கையிலிருக்கும் பொற்காசு. அவனுக்கு 90. தோல் கவசம் 20, குட்டை வாள் 7, களவாணிக் கருவி 25, ஒரு வாரத்துக்குக் கெடாத சாப்பாடு 15. பந்தம் ஆறு 1 காசு. ஐம்பது அடிக் கயிறு 1 காசு. பத்தடிக் கம்பு 1 காசு. கம்பு எதற்கு என்று கேட்டான். முன்னால் தரையைத் தட்டிப் பார்க்க, பள்ளம் இருந்தால் கம்பு விழும், நீ விழமாட்டாய் என்றேன். உடனே இரண்டு வாங்கினான்.

எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம். புதிய பதிப்பில் ஒரு ஆளைச் செய்ய ஒரு மாலைப்பொழுது போய்விடும். அவனுடைய ஊர், குலம், கடந்தகாலச் சோகம், திறமைப் பட்டியல் எல்லாம் முதலிலேயே எழுதியாக வேண்டும். இங்கே உங்கள் ஆளுக்குக் கதை எதுவும் கிடையாது. உயிரோடு இருந்தால் கதை வரும்.

வெளிச்சக் கணக்கு

இந்தப் பதிப்பை எனக்குக் காட்டியவர் கொழும்பில் என்னோடு ஒரே கடையில் வேலை பார்த்த ஒரு அண்ணன். விதிகளைப் படித்தபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. தூக்கிவாரிப் போட்டது 2022இல் ஊருக்குத் திரும்பிய பிறகு. அந்த மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். லாம்பெண்ணெய்க்கும் வரிசை. இரவு ஏழு மணிக்கு லயம் முழுக்க இருட்டு, ஃபோனில் சார்ஜ் இல்லை. அப்போதுதான் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து ஆட ஆரம்பித்தேன்.

விளையாட்டில் நிலவறைக்குள் போனால் நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாக எண்ண வேண்டும். ஒரு பத்து நிமிடத்துக்கு ஒரு 'முறை' என்று பெயர் வைத்திருக்கிறோம். சுமை இல்லாத ஆள் ஒரு முறையில் 120 அடி போகலாம். இருட்டில் தட்டித் தடவி, வரைபடம் கீறிக்கொண்டு போவதால் அவ்வளவு மெதுவு. ஒரு அறையைத் தேடினால் ஒரு முறை போயிற்று. ஐந்து முறை நடந்தால் ஒரு முறை உட்கார்ந்து களைப்பாற வேண்டும். ஒரு பந்தம் ஆறு முறை எரியும், அதாவது ஒரு மணித்தியாலம். ஒரு குப்பி எண்ணெய் ஊற்றினால் லாந்தர் இருபத்துநாலு முறை எரியும். இரண்டு முறைக்கு ஒருதரம் மாஸ்டர் ஒரு பகடை உருட்டுவார். 1 விழுந்தால், அந்தப் பக்கமாக ஏதோ ஒன்று வருகிறது.

இந்த நாலைந்து விதியையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். "மூலையில் இருக்கிற அந்தக் குப்பையைக் கிளறட்டுமா?" என்பது புதிய பதிப்புகளில் பெரும்பாலும் இலவசக் கேள்வி. இங்கே அதற்கு விலை உண்டு: பந்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதோடு எதுவோ வருவதற்கான ஒரு வாய்ப்பில் பாதி. இன்னும் உள்ளே போகலாமா என்று கேட்டால், போகிற தூரத்தை மட்டும் பார்க்கக்கூடாது, திரும்பி வருகிற தூரத்துக்கும் வெளிச்சம் வேண்டும்.

கொழும்புப் பையன்களுக்கு இது கணக்குவழக்குத் தொல்லை. "பந்தத்தை விடு மச்சான், எரியுதுன்னு வச்சுக்குவோம்" என்பார்கள். எங்கள் தம்பி ஒரு வார்த்தை சொல்லாமல் தாளில் ஆறு கட்டம் கீறி, முறைக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு வந்தான். கட்டம் இரண்டு மீதி இருக்கும்போதே "திரும்புவோம்" என்றான். மெயின் ரோட்டில் கடைசி பஸ்ஸை விட்டிறங்கி, பத்து வீதம் சார்ஜ் இருக்கிற ஃபோனை டோர்ச்சாகப் பிடித்துக்கொண்டு, சிறுத்தை நடமாடுகிற தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் லயத்துக்கு ஏறியவனுக்கு யாரும் இதை விளக்க வேண்டியதில்லை.

என் கணிப்பில் இந்தப் பதிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புதியவை உங்களைப் பலசாலியாக்கி, சண்டைக்கு அனுப்புகின்றன. இது கையில் கொஞ்சமே இருக்கிற ஆளாக உங்களை உள்ளே விடுகிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் ஆட்டம்.

தராசில் ஏறியதுதான் கணக்கு

ஆள் வளர்வதற்கு அனுபவப் புள்ளி சேர்க்க வேண்டும். போர்வீரர் இரண்டாம் படிக்குப் போக 2000, களவாணிக்கு 1200, மந்திரவாதிக்கு 2500. புள்ளி எப்படி வரும்? கொப்ளின் என்று ஒரு குட்டிப் பேயினம் இருக்கிறது, ஒன்றைத் தோற்கடித்தால் 5 புள்ளி. அதையும் கூட்டாளிகளோடு பங்கு போட வேண்டும். ஆனால் ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் 1 புள்ளி. அதாவது 800 காசுள்ள ஒரு பெட்டி 160 கொப்ளினுக்குச் சமம்.

உள்ளே எத்தனை பேரைக் குத்தினாய், எவ்வளவு இரத்தம் சிந்தினாய் என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. பத்திரமான இடத்துக்கு எவ்வளவு கொண்டுவந்தாய் என்பதே கேள்வி. நாள் முழுக்க மழையில் நின்று பறித்தாலும் தராசில் ஏறிய கொழுந்துதான் கணக்கு என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கிலோ குறைந்தால் அரைப்பேர். (தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: ஒரு நாள் வேலை எங்கள் பேச்சில் ஒரு 'பேர்'. சொன்ன நிறை வராவிட்டால் பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர்.) நிஜத்தில் அது கொடுமை. விளையாட்டில் அது ஒரு அழகான வேலை செய்கிறது: சண்டை போடுவதால் லாபமில்லை என்று ஆனபின் ஆட்கள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். காவலுக்கு இருக்கும் பூதத்தைக் கொல்லாமல் தூங்கவைக்கலாமா, ஏமாற்றலாமா, பின்வாசல் இருக்கிறதா?

காசுக்கும் நிறை உண்டு. பத்துக் காசு ஒரு இறாத்தல். 400 காசு நிறைவரை முழு வேகம். 800ஐத் தாண்டினால் 120 அடி போனவர் 30 அடிதான் போவார். 1600க்கு மேல் அசையவே முடியாது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் செப்புக்காசும் பொற்காசும் ஒரே நிறை, ஆனால் நூறு செப்புக்காசு சேர்ந்தால்தான் ஒரு பொற்காசு. ஒரு நாள் 3000 செப்புக்காசு கண்டுபிடித்தார்கள். முப்பது புள்ளிக்கு முந்நூறு இறாத்தல். மாமா மகள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இத யாரு மாஸ்டர் சொமக்கிறது, இங்கயே கெடக்கட்டும்" என்றாள். தம்பிக்கு மனம் வரவில்லை. அரை மணித்தியாலம் தர்க்கம். பந்தத்தில் மூன்று கட்டம் அடித்தேன். பேசுகிற நேரமும் நேரம்தானே?

கொப்ளின்களின் வேலைநிறுத்தம்

பெட்டியோடு வந்த கதைக்களத்தில் எல்லையோரக் கோட்டை ஒன்றும் குகைகளும் இருக்கும். கோட்டை என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் மனதில் வரவில்லை. நான் அதைக் கைவிடப்பட்ட தேயிலை ஃபெக்டரியாக மாற்றினேன். கீழே உலை, நடுவில் ரோதை (இயந்திரச் சக்கரம்) ஓடிய கூடம், மேலே கொழுந்து வாட்டுகிற மாடி, அடியில் யார் தோண்டியதென்று தெரியாத சுரங்கம்.

அந்த வாட்டுகிற மாடியில் ஆறு கொப்ளின்கள். ஏணியில் ஏறித் தலையை நீட்டிய ரோதமுனி அவற்றை முகத்துக்கு முகம் பார்க்கிறான். புதிதாக ஆடுபவர் இந்த இடத்தில் சண்டை தொடங்கும் என்று எதிர்பார்ப்பார். 1981 விதி வேறு சொல்கிறது: எதிரில் வந்தது என்ன மனநிலையில் இருக்கிறது என்பதற்கு இரண்டு பகடை உருட்டு. 2 வந்தால் உடனே பாயும். 3 முதல் 5வரை பகை, பாயலாம். 6 முதல் 8வரை அதற்கே குழப்பம். 9 முதல் 11வரை தாக்காது, விலகிப் போகும் அல்லது பேச்சுக்குக் காது கொடுக்கும். 12 என்றால் சிநேகம். இரண்டு பகடையில் நடு எண்கள்தான் அதிகம் விழும், ஆகவே எதிரி உங்களைப் பார்த்து முழிப்பதுதான் மற்ற எதையும்விட அதிகம் நடக்கும். அந்த இடைவெளிக்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நான் உருட்டினேன். 9.

என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. தாக்காத கொப்ளின் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கும்? வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆறும் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் எழுந்து, 'நீங்க தலைவர் அனுப்பின ஆளா? நாங்க எறங்க மாட்டோம்' என்கிறது."

பூசாரி வேடத்திலிருந்த மாமா மகள் ஏணியில் ஏறி வந்தாள். "ஏன் எறங்க மாட்டீங்க?"

"ரெண்டு மாசமாச் சாப்பாடு பாதிதான்."

"எத்தன பேருக்கு எத்தன காவல்?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். அந்த வீட்டில் பேச்சுவார்த்தை என்பது சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. பத்து நிமிடத்தில் கொப்ளின்களின் குறை எல்லாவற்றையும் கேட்டு, மூன்று கோரிக்கையாக எழுதிவிட்டாள். கெடாத சாப்பாட்டில் இரண்டு நாள் பங்கைக் கொடுத்து, பதிலுக்குச் சுரங்கத்தின் பின்வழியையும் அவர்கள் தலைவன் எந்த நேரத்தில் தூங்குவான் என்பதையும் வாங்கினாள். அடுப்படியிலிருந்து அத்தையின் குரல்: "தீவாளி அட்வான்ஸ் கேக்கலியா அதுங்க?"

அதையும் நாலாவது கோரிக்கையாகச் சேர்த்தோம்.

புதிய பதிப்புகளில் இப்படிப் பேச முடியாதென்றில்லை. மாஸ்டர் நினைத்தால் எதுவும் முடியும். ஆனால் இங்கே நான் நினைக்கவில்லை, பகடை நினைத்தது. அந்த அட்டவணை இல்லாவிட்டால் நானும் சோம்பல்பட்டு ஆறையும் பாயவிட்டிருப்பேன்.

சண்டை வந்தாலும் கடைசி ஆள்வரை நடப்பதில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மனஉறுதி எண் உண்டு. கொப்ளினுக்கு 7, தலைவன் கூட இருந்தால் 9. எலும்புக்கூட்டுக்கு 12, அதற்கு ஏது பயம்? முதல் ஆள் விழுந்ததும் ஒருதரம், பாதிப் பேர் விழுந்ததும் ஒருதரம் மாஸ்டர் இரண்டு பகடை உருட்டுவார். அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். 7ஐத் தாண்ட 36இல் 15 வாய்ப்பு. ஆகவே ஒரு கொப்ளினை வீழ்த்தியதும் மற்றவை சிதறி ஓடுவதை அடிக்கடி பார்க்கலாம். உயிர்மேல் ஆசை எதிரிக்கும் உண்டு என்பதை இரண்டு பகடையில் சொல்லிவிட்ட விதி இது.

பூச்சியத்தில் சாவு

உயிர்ப்புள்ளி பூச்சியமானால் செத்தாயிற்று. இன்றைய பதிப்பில் மயங்கி விழுந்து, பிழைக்கிறோமா என்று பார்க்க உருட்டிக்கொண்டே இருக்கலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

ரோதமுனி போனது எட்டாவது ஞாயிறு. ஒரு சின்ன இரும்புப் பெட்டி. பொறி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கக் களவாணிக்கு முதல் படியில் நூற்றுக்குப் பத்துத்தான் வாய்ப்பு. டின்னில் இரண்டு தடவை எடுத்ததில் வந்தது 47, பத்துக்குள் வந்திருக்க வேண்டும். "ஒன்றும் தென்படவில்லை" என்றேன். திறந்தான். ஊசி. விஷத்திலிருந்து தப்ப இருபதுக்கு 13 அல்லது மேலே வேண்டும். அவனே டின்னைக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். 8. துண்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். யாரும் பேசவில்லை. பிறகு தம்பி அந்த டின்னைக் கவிழ்த்துவைத்து மெதுவாகத் தப்பு அடிக்கத் தொடங்கினான், சாவு வீட்டு அடி. அத்தை வந்து, "வெளக்கு வச்ச நேரத்துல என்னாடா அடி இது" என்று ஏசியபிறகுதான் நிறுத்தினான். அதற்குள் சித்தி மகன் அடுத்த ஆளுக்கு உருட்ட ஆரம்பித்திருந்தான்.

குறை இல்லையா? நிறைய. ஒரு ஆளை அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று காட்டுவது கவச எண். அது குறையக் குறையத்தான் பாதுகாப்பு கூடும். இதை ஒவ்வொரு புதிய ஆளுக்கும் மூன்று தடவை சொல்ல வேண்டும். முதல் படி மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொன்னபிறகு அவர் பந்தம் பிடிப்பவர்தான். களவாணியின் சதவீதங்களை எழுதியவர் களவாணிகள்மேல் கோபமாக இருந்திருக்க வேண்டும்: பூட்டுத் திறக்க 15, மறைந்து நிற்க 10. சுவர் ஏறுவது மட்டும் 87, ஆகவே எங்கள் களவாணிகள் எல்லோரும் கூரையிலேயே இருப்பார்கள். எல்ஃப் என்பது இனமா தொழிலா என்று கேட்டால் இரண்டும்தான். குள்ளர்களில் பூசாரி இருக்கவே முடியாது. இதையெல்லாம் நாங்கள் அங்கங்கே திருத்திக்கொண்டோம். 64 பக்கத்தில் எழுதாமல் விட்டதுதான் அதிகம் என்பதால் திருத்தவும் இடம் கிடைக்கிறது. விதியில் இல்லாத ஒன்றை யாராவது முயன்றால் அதற்குப் பொருந்துகிற குணத்தின் எண்ணோ அதற்குக் குறைவோ இருபது முகப் பகடையில் உருட்டச் சொல் என்று மொல்ட்வே ஒரு யோசனை எழுதிவைத்திருக்கிறார். எங்கள் ஆட்டத்தில் பாதி அதில்தான் ஓடுகிறது.

ஆரம்பிக்க விரும்பினால்

பழைய பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். அதே விதிகளைத் தெளிவாகத் திருப்பி எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. கேவின் நோர்மன் 2019இல் கொண்டுவந்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் அவற்றில் பேர் போனது. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் கிறிஸ் கோனர்மன் தொகுத்த பேசிக் ஃபேன்டசி இருக்கிறது. இணையத்தில் இலவசம். அது பி-எக்ஸ் மாதிரித்தான், கவச எண்ணையும் நேராக்கிவிட்டார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் மாஸ்டர் ஒருவர் படித்தால் போதும். மற்றவர்கள் "நான் கம்பால தட்டிப் பாக்குறேன்" என்று சொல்லத் தெரிந்தால் சரி.

பகடை இல்லாவிட்டால் கடும் அட்டையில் 1 முதல் 20வரை ஒரே அளவாக வெட்டி எழுதி ஒரு டின்னில் போடுங்கள். அது இருபது முகம். பத்து முகம் வேண்டுமானால் 10க்கு மேல் வந்ததில் பத்தைக் கழியுங்கள். நாலு முகத்துக்கு நாலால் வகுத்து மீதியைப் பாருங்கள், மீதியில்லை என்றால் 4. எட்டுக்கு மட்டும் 8க்கு மேல் வந்தால் திரும்ப எடுக்க வேண்டும். ஆறு முகத்துக்கு லூடோப் பகடை இருக்கவே இருக்கிறது. எடுத்த துண்டை ஒவ்வொரு தடவையும் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்குங்கள். 6க்கும் 9க்கும் அடியில் கோடு போட்டுவிடுங்கள். முதல் ஞாயிறு நாங்கள் அதைப் போடாமல், வந்தது ஆறா ஒன்பதா என்று கால்மணி நேரம் சண்டை பிடித்தோம். பந்தத்தில் ஒன்றரைக் கட்டம்.